காலா ஆஜாரை வென்ற டாக்டர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி

மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த எனக்கு 1977-ஆம் வருஷம் பாட்னாவுக்கு மாற்றல் வந்தது. எங்கள் ஆபீஸில் ஒரு பியூன் இருந்தார். கங்கைக்கு வடகரையில் ஒரு கிராமத்துக்காரர், நாணயமான மனிதர். அந்த வருஷம் அவர் அடிக்கடி லீவு கேட்க ஆரம்பித்தார். பெண்ணுக்கு ஜுரம் என்பதே ஒவ்வொரு தடவையும் காரணம். இரண்டு தடவை கொடுத்தேன். மூன்றாவது தடவை, இதென்ன மாசக் கணக்கில் ஒரு ஜுரம் என்று சலித்துக்கொண்டு, முடியாது என்று எழுதிவிட்டேன். பதினோரு வயதுப் பெண்ணுக்குத் தினமும் ஊசி போட ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது என்பதும், நான் லீவு மறுத்ததால் அவருடைய வயதான தாயார் அந்தக் குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு போனார் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கை கால்கள் குச்சி, வயிறு மட்டும் பானை. அந்த வார்டில் எல்லாக் கட்டில்களிலும் அதே தோற்றம்தான். வியாதியின் பெயர் காலா ஆஜார் என்று டாக்டர் கூறினார்.

நான் ரசாயனம் படித்த பட்டதாரி. ஊசி மருந்து என்னவென்று விசாரித்ததில் ஆன்டிமனி என்றார். நம் பழைய வைத்திய நூல்களில் அஞ்சனக்கல் என்று வருவது இந்த உலோகத்தின் தாதுதான். அதை மனிதனின் ரத்த நாளத்தில் ஏற்றலாம் என்று யாருக்குத் தோன்றியது என்று நான் கேட்டபோது, டாக்டர் பிரம்மச்சாரி என்ற பெயரைச் சொன்னார். யாரோ சந்நியாசி வைத்தியர் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி இல்லை. பிரம்மச்சாரி என்பது அவருடைய குடும்பப் பெயர். அவர் 1898-இல் நனிபாலா தேவி என்ற அம்மையாரை மணந்து, பிள்ளைகளுடன் நன்றாகக் குடித்தனம் செய்தவர். அன்று தொடங்கி அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வந்திருக்கிறேன். நம் உறுப்பினர்களில் பலருக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது என்பதால் எழுதுகிறேன். கொல்கத்தா அன்பர்களுக்கு ஒரு வீதியின் பெயராகவாவது தெரிந்திருக்கும். பழைய லௌடன் தெருவுக்கு இப்போது அவர் பெயர்தான்.

முதலில் வியாதியைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். காலா என்றால் கருப்பு, ஆஜார் என்றால் நோய். விட்டு விட்டு வரும் ஜுரம், நாளுக்கு நாள் இளைப்பு, ரத்தசோகை, மண்ணீரலும் கல்லீரலும் வீங்குதல், மேனி கறுத்துப் போதல் எல்லாம் இதன் அடையாளங்கள். வைத்தியம் இல்லாவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பிழைப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வங்காளத்தின் ஜெஸ்ஸூர் பகுதியில் தலைகாட்டி, பர்த்வானை உலுக்கி, காரோ மலைப் பிரதேசம் வழியாக அசாமுக்குள் பிரம்மபுத்திரா நதியை ஒட்டி ஏறியது. நௌகாங் மாவட்டத்தில் 1891-க்கும் 1901-க்கும் இடையே ஜனத்தொகை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று அக்காலத்து சென்சஸ் காட்டுகிறது. காரோ மலை ஜனங்கள் இதற்கு சர்க்கார் வியாதி என்று பெயர் வைத்திருந்தார்களாம். வெள்ளைக்கார சர்க்கார் வந்த பிறகே வியாதியும் வந்தது என்பது அவர்கள் கணக்கு. நானும் சர்க்காரில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் என்பதால், இந்தப் பெயரைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் உறுத்தலும் இருந்தது.

இது என்ன வியாதி என்று கண்டுபிடிப்பதிலேயே பெரிய குழப்பம். அசாமுக்கு 1889-இல் அனுப்பப்பட்ட கைல்ஸ் என்ற அதிகாரி இதைக் கொக்கிப்புழுவால் வருவது என்றார். பிறகு வந்த லெனார்ட் ராஜர்ஸ் கடுமையான மலேரியா என்றார். மலேரியாவையே துப்புத் துலக்கிய ரொனால்டு ராஸ் கூட அதை ஆமோதித்தார். மலேரியா என்றால் குயினைன் கேட்க வேண்டுமே, இதற்குக் கேட்கவில்லை. கடைசியில் வில்லியம் லீஷ்மன் என்ற ராணுவ டாக்டர், கல்கத்தாவை அடுத்த டம்டம் முகாமிலிருந்து இங்கிலாந்து திரும்பி இறந்துபோன ஒரு சிப்பாயின் மண்ணீரலில் முட்டை வடிவச் சிறு பொருள்களைக் கண்டு, 1903-இல் வெளியிட்டார். அதே வருஷம் நமது சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் சார்லஸ் டானவன் என்பவர், உயிரோடு இருக்கும் நோயாளியின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த ரத்தத்தில் அதையே கண்டார். யார் முதல் என்று தகராறு வராமல் இருக்க, ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டானவானி என்று நாமகரணம் செய்துவிட்டார். சென்னையின் ஜார்ஜ் டவுன் பக்கத்தில் இந்த வியாதி அக்காலத்தில் இருந்தது என்பது இன்று அங்கே வசிப்பவர்களுக்குத் தெரியாது.

இனி நம் கதாநாயகருக்கு வருவோம்.

உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1873-ஆம் வருஷம் டிசம்பர் 19-ஆம் தேதி பிறந்தார். பர்த்வான் மாவட்டத்து சர்டாங்கா கிராமத்தைச் சேர்ந்த குடும்பம். தந்தை நீலமணி பிரம்மச்சாரி, பீகாரில் உள்ள ஜமால்பூரில் ஈஸ்ட் இந்தியன் ரயில்வே டாக்டர். தாயார் சௌரப சுந்தரி தேவி. ஜமால்பூர் ரயில்வே பள்ளிக்கூடத்தில் படிப்பு. ஹூக்ளி மொஹ்சின் கல்லூரியில் 1893-இல் பி.ஏ.; கணிதத்திலும் ரசாயனத்திலும் ஆனர்ஸ். மறு வருஷம் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ரசாயனத்தில் எம்.ஏ. அங்கே அப்போது ஆசிரியராக இருந்தவர் பிரபுல்ல சந்திர ராய். அவரிடம் படித்தவர்கள் ரசாயனத்தை விட்டு முழுவதும் விலகிப் போனதாகத் தெரியவில்லை. உபேந்திரநாத் பிறகு மருத்துவம் படித்தபோதும் சோதனைக் குழாயைக் கீழே வைக்கவில்லை. மருத்துவப் பட்டத்தில் வைத்தியம், அறுவை இரண்டிலும் முதலிடம். 1902-இல் எம்.டி. ரத்தச் சிவப்பணுக்கள் எவ்வாறு சிதைகின்றன என்ற ஆராய்ச்சிக்காக 1904-இல் பிஎச்.டி. டாக்டராகவும் ரசாயன நிபுணராகவும் ஒரே ஆள் இருப்பது இன்றே அபூர்வம். நூற்றிருபது வருஷத்துக்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாகாண மருத்துவ சர்வீஸில் 1899-இல் சேர்ந்தார். டாக்கா மருத்துவப் பள்ளியில் சில வருஷம் வேலை பார்த்தார். 1905-இல் கல்கத்தாவின் காம்பெல் மருத்துவப் பள்ளிக்கு ஆசிரியராகவும் வைத்தியராகவும் வந்தார். இப்போது அது நீல்ரதன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி. அங்கே சுமார் பதினெட்டு வருஷம் இருந்தார். உத்தியோகம் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சர்வீஸ் என்பதில் மேல் கீழ் உண்டு. அந்நாளில் இந்தியன் மெடிக்கல் சர்வீஸ் என்ற மேல் வரிசை பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுக்கு. ஆராய்ச்சி நிலையங்களும் நுண்ணோக்கிகளும் அவர்கள் வசம். மாகாண சர்வீஸ்காரர் நோயாளியைப் பார்த்து, பையன்களுக்குப் பாடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆராய்ச்சி செய் என்று அவரிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. செய்யாவிட்டாலும் பென்ஷன் குறையாது.

உபேந்திரநாத் வீட்டுக்குப் போகவில்லை. காம்பெல் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கிடைத்தது ஒரு சின்ன அறை. காஸ் இணைப்பு கிடையாது, மின்விளக்கு கிடையாது, தண்ணீர்க் குழாய் கூடக் கிடையாது. ரசாயன ஆய்வுக்கூடத்தில் நின்றவர்களுக்கு இதன் பொருள் புரியும். கல்லூரியில் ஒரு சாதாரண உப்பைக் கண்டுபிடிக்கும் பிராக்டிகலுக்கே பர்னர் ஒழுங்காக எரியாவிட்டால் நாங்கள் டெமான்ஸ்ட்ரேட்டரிடம் ஓடுவோம். இவர் மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் இரவு வெகு நேரம் உட்கார்ந்து வேலை செய்தார். பிற்காலத்தில் சர் பட்டமும் சொந்த ஆராய்ச்சி நிலையமும் வந்த பிறகும், அந்த அறையைத் தமக்கு ஒரு புண்ணியத் தலம் போலவே அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவருக்கு முன் ஆன்டிமனியை யாரும் தொட்டதில்லை என்று எழுதினால் அது தவறு. பிரேசிலில் வியான்னா என்பவர் 1912 வாக்கில் இதே இனத்து ஒட்டுண்ணி உண்டாக்கும் தோல் புண்ணுக்கு டார்டார் எமெடிக் என்ற ஆன்டிமனி உப்பைக் கொடுத்துக் குணம் கண்டார். சிசிலித் தீவில் குழந்தைகளுக்கு வந்த காலா ஆஜாருக்கு 1915-இல் கிறிஸ்டினா, கரோனியா என்ற இருவர் அதைப் பயன்படுத்தினர். அதே வருஷம் கல்கத்தாவில் ராஜர்ஸ் பயன்படுத்தினார். பலன் தெரிந்தது. ஆனால் அந்த உப்பு பொல்லாதது. எமெடிக் என்ற பெயருக்கே வாந்தி எடுக்கச் செய்வது என்றுதான் அர்த்தம். ஊசி போட்டவுடன் இருமலும் குமட்டலும் வரும், இருதயத்தையும் தாக்கும். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி மிகக் குறுகல். வாரத்துக்கு இரண்டு மூன்று என்று மாதக்கணக்கில் ரத்த நாளத்தில் ஏற்ற வேண்டும். எலும்பும் தோலுமான கூலித் தொழிலாளி, அசாம் தேயிலைத் தோட்டத்திலிருந்தோ ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்தோ அத்தனை நாள் ஆஸ்பத்திரிக்கு நடந்து வருவானா? பாதியில் நின்றுவிடுவான். நின்றவனுக்கு வியாதி திரும்பும். பிரம்மச்சாரியும் முதலில் பொட்டாசியத்துக்குப் பதில் சோடியம் சேர்த்த உப்பு, கூழ்ம நிலையில் ஆன்டிமனி உலோகம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார். திருப்தி இல்லை.

இந்த இடத்தில் ரசாயனம் கொஞ்சம் பேச அனுமதிக்க வேண்டும். தனிமங்களின் அட்டவணையில் ஆர்சனிக்கும் ஆன்டிமனியும் ஒரே பத்தியில் மேலும் கீழுமாக நிற்பவை, குணத்தில் பங்காளிகள். ஜெர்மனியில் பால் எர்லிக், ஆர்சனிக்கைக் கரிம மூலக்கூறில் கட்டி, 1910-இல் மேக நோய்க்கு சால்வர்சான் என்ற மருந்தைக் கொண்டுவந்திருந்தார். உலோகத்தைத் தனி உப்பாகக் கொடுத்தால் உடம்பைத் தாக்குகிறது. ஒரு பென்சீன் வளையத்தில் பிணைத்துக் கொடுத்தால் உடம்பை அவ்வளவாகத் தாக்காமல் கிருமியைத் தாக்குகிறது. ஆர்சனிக்குக்குச் செய்ததை ஆன்டிமனிக்குச் செய்தால் என்ன என்பதே பிரம்மச்சாரியின் எண்ணம். ஐரோப்பாவிலும் சிலர் அந்த வழியில் போய்க்கொண்டிருந்தனர். டார்டார் எமெடிக்கில் ஆன்டிமனிக்கு மூன்று இணைதிறன். இந்தப் புதிய வகையில் ஐந்து. ஐந்து உள்ளதன் விஷம் உடம்புக்கு வெகுவாகக் குறைவு. ஒட்டுண்ணி இருக்கும் இடத்தில்தான் அது மூன்றாக மாறித் தன் வேலையைக் காட்டுகிறது என்பது பின்னாளில் கிடைத்த விளக்கம்.

1919-ஆம் வருஷக் கடைசியில் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் அவருக்கு ஒரு மானியம் அளித்தது. அந்தச் சங்கம்தான் இன்றைய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். அந்தப் பணத்தில் அவர் வரிசையாகக் கரிம ஆன்டிமனிப் பொருள்களைத் தயாரித்தார். ஸ்டிபானிலிக் அமிலம் என்பது அடிப்படை. அதன் சோடியம் உப்பு வேலை செய்தாலும் வைத்திருந்தால் கெட்டுவிடுகிறது. அந்நாளில் குயினைனோடு யூரியா சேர்ந்த உப்பை ஊசியாகப் போடும் வழக்கம் இருந்தது; ஆகவே யூரியா வைத்தியர்களுக்குப் புதிய பெயரல்ல. 1920-இல் அவர் ஸ்டிபானிலிக் அமிலத்தை யூரியாவோடு சேர்த்துச் சூடாக்கி ஒரு பொருளைப் பெற்றார். அதுதான் யூரியா ஸ்டிபமைன். விலங்குகளில் விஷத்தன்மையைப் பார்த்துவிட்டு, பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்தார். முதல் எட்டு நோயாளிகளின் விவரம் 1922-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியாயிற்று. மாதக்கணக்கில் இழுத்த சிகிச்சை இரண்டு மூன்று வாரத்தில் முடிந்தது. டார்டார் எமெடிக்குக்கு மசியாத நோயாளிகளும் தேறினர்.

ஆனால் கல்கத்தாவில் மாகாண சர்வீஸ் டாக்டர் ஒருவர் தயாரித்த மருந்து என்றால் உடனே ஊர் ஊராகப் போய்விடுமா? எட்டுப் பேரிடம் பலித்தது எண்பதாயிரம் பேரிடம் பலிக்க வேண்டும். 1923-இல் ஷில்லாங் பாஸ்டர் நிலையத்தில் மேஜர் ஷார்ட்டும் சென் என்ற டாக்டரும் இதைச் சோதித்தனர். மருந்து தேறியது.

அதே 1923 செப்டம்பர் 10-ஆம் தேதி, வங்காளக் குழந்தைகளுக்கு வேடிக்கைப் பாட்டு எழுதித் தந்த சுகுமார் ராய், இரண்டரை வருஷம் படுக்கையில் கிடந்து காலா ஆஜாரால் கல்கத்தாவில் காலமானார். வயது முப்பத்தைந்து. படுக்கையில் இருந்தபடியே தம் புத்தகத்துக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தவர். அவருடைய பிள்ளை, பிற்காலத்தில் சினிமாவில் உலகப் புகழ் பெற்ற சத்யஜித் ராய்க்கு அப்போது இரண்டு வயது. அதே நகரத்தில், சில மைல் தூரத்தில், மருந்து இருந்தது. அது பரிசோதனைக் கட்டத்தைத் தாண்டிப் பொது உபயோகத்துக்கு வரவில்லை. இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. புது மருந்தை அவசரப்பட்டுப் பரப்பினால் என்ன ஆகும் என்று நமக்கெல்லாம் தெரியும். இருந்தாலும் இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அதற்குப் பின் காரியங்கள் வேகமாக நடந்தன. அசாமில் கிராமம் கிராமமாகச் சிறு சிகிச்சைக் கூடங்கள் திறந்து ஊசி போட ஆரம்பித்தார்கள். அசாம் கவர்னர் சர் ஜான் கெர் அந்த மருந்தால் காப்பாற்றப்பட்ட உயிர்களைக் குறிப்பிட்டு வெளிப்படையாகப் பாராட்டினார். 1917 முதல் அசாமை வாட்டிய கொள்ளைநோய் பத்து வருஷத்தில் அடங்கியது. தொண்ணூறு பேர் சாகும் வியாதியில் தொண்ணூறு பேர் பிழைத்தார்கள் என்றால் அது மிகையல்ல. பிழைத்தவர்களை லட்சக்கணக்கில் சொல்ல வேண்டும். பென்சிலின் பிறப்பதற்கு முன் நடந்த சங்கதி இது என்பதை மறக்கக் கூடாது.

விமரிசனங்கள் இல்லாமலும் இல்லை. யூரியா ஸ்டிபமைன் என்பது ஒரே மூலக்கூறு அல்ல, பல பொருள்களின் கலவை என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். தயாரிப்புக்குத் தயாரிப்பு குணம் வேறுபடுகிறது என்ற குறையும் சொல்லப்பட்டது. கல்கத்தா டிராப்பிகல் மெடிசின் பள்ளியில் நேப்பியர் போன்றவர்கள் ஜெர்மனியிலிருந்து வந்த ஆன்டிமனி மருந்துகளையும் சோதித்து வந்தார்கள். வெப்பமண்டல வியாதிகளுக்கென்றே 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் திறக்கப்பட்ட அந்தப் பள்ளியில், அதே ஊரில் அதே வியாதியில் மூழ்கியிருந்த பிரம்மச்சாரிக்கு ஸ்தானம் இருக்கவில்லை. அவர் பொறுமிக்கொண்டு உட்காரவில்லை. 1924-இல் கார்ன்வாலிஸ் தெருவில் தம் வீட்டிலேயே பிரம்மச்சாரி ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். மருந்து அங்கேயே தயாராயிற்று. பிள்ளைகள் பனீந்திரநாத்தும் நிர்மல் குமாரும் உடன் நின்றார்கள். அதனால் அவருக்குச் செல்வமும் வந்தது. அதைச் சிலர் குறையாகச் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போயிருக்க வேண்டிய பணம் கண்டுபிடித்தவரிடமே வந்தது, அவ்வளவுதான்.

அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பைப் பற்றிப் பலர் எழுதுவதில்லை. என் அபிப்பிராயத்தில் அது மருந்துக்குச் சமமானது. காலா ஆஜார் குணமாகி வீட்டுக்குப் போன சிலருக்கு ஓரிரு வருஷம் கழித்து முகத்திலும் உடம்பிலும் வெளிறிய திட்டுகளும் சிறு முடிச்சுகளும் தோன்றின. பார்வைக்குக் குஷ்டம் போல இருக்கும். ஜுரம் கிடையாது, மண்ணீரல் வீக்கம் கிடையாது, ஆள் திடமாக நடமாடுவார். பிரம்மச்சாரி அந்தத் தோலைக் கிள்ளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். உள்ளே அதே லீஷ்மன் டானவன் உருவங்கள். 1922-இல் இதையும் அவர் ஒரு புது நோய் வடிவமாக வெளியிட்டார். உள் உறுப்புகளை விட்டு விரட்டப்பட்ட ஒட்டுண்ணி தோலில் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. பார்த்தவர்கள் பலர் குஷ்டம் என்று தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். ரசாயனமும் வைத்தியமும் இரண்டும் தெரிந்த கண் என்பதோடு, தம் நோயாளிகளை வருஷக்கணக்கில் மறக்காமல் பின்தொடர்ந்த கண் அது.

வியாதி எப்படி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறது என்பது மட்டும் வெகு நாள் விளங்கவில்லை. சென்னையில் பாட்டன் என்பவர் மூட்டைப்பூச்சியைச் சந்தேகித்தார். 1924-இல் கல்கத்தாவில் நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் ஆகியோர் மணல் ஈ என்ற கொசுவை விடச் சிறிய பூச்சியின் வயிற்றில் ஒட்டுண்ணி வளர்வதைக் கண்டார்கள். ஆனால் அந்த ஈ கடித்து வியாதி வந்ததாக நிரூபிக்க முடியவில்லை. ஒரு தடவை ரத்தம் குடித்த ஈ அடுத்த தடவை கடிப்பதற்குள் செத்துவிடுகிறது. கடைசியில் வழி காட்டியது உலர்ந்த திராட்சை. ரத்தம் குடித்த ஈக்களுக்கு உலர்ந்த திராட்சையைக் கொடுத்து ஸ்மித் அவற்றை உயிரோடு வைத்திருக்கவும், ஒட்டுண்ணி அவற்றினுள் செழித்து வளரவும் செய்தார். அந்த வழியைப் பின்பற்றி, தாமே முன்வந்த மனிதர்களைக் கடிக்கவிட்டு 1942-இல் விஷயத்தை நிரூபித்த கட்டுரையில் முதல் பெயராக நிற்பது சி.எஸ். சுவாமிநாத். அடுத்தவை ஷார்ட், ஆண்டர்சன். பாயசத்துக்குப் போடும் திராட்சை இப்படியும் ஒரு கைங்கரியம் செய்திருக்கிறது.

பிரம்மச்சாரி 1923-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மாறி, 1927-இல் சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது கெஜட்டில் மட்டும்தான். கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் வெப்பமண்டல நோய்களுக்குப் பேராசிரியர், பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் உயிர் ரசாயனத்துக்குக் கௌரவப் பேராசிரியர் என்று தொடர்ந்தார். 1928-இல் காலா ஆஜாரைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். ராய் பகதூர், கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம், 1934-இல் சர் பட்டம், 1936-இல் இந்தூரில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரஸின் தலைமை எல்லாம் வந்து சேர்ந்தன. 1939-இல் கல்கத்தாவில் ரத்த வங்கி அமைந்தபோது முன்னின்றவர்களில் அவரும் ஒருவர்; இளமையில் சிவப்பணுக்களை ஆராய்ந்தவருக்கு முதுமையில் பொருத்தமான வேலை.

வராமல் போனது நோபல் பரிசு. 1929-இலும் 1942-இலும் அவர் பெயர் மருத்துவப் பரிசுக்கு முன்மொழியப்பட்டது. 1929-இல் பரிசு வைட்டமின் ஆராய்ச்சிக்காக எய்க்மனுக்கும் ஹாப்கின்ஸுக்கும் போயிற்று. 1942-இல் உலக யுத்தம் காரணமாக யாருக்குமே தரப்படவில்லை. சர் சி.வி. ராமனுக்குக் கிடைத்ததற்கு முந்தின வருஷமே இந்தியாவில் இருந்து வேலை செய்த ஒரு விஞ்ஞானி அந்த மேஜை வரை போயிருக்கிறார் என்பதையாவது நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம். அவர் 1946-ஆம் வருஷம் பிப்ரவரி 6-ஆம் தேதி காலமானார்.

யூரியா ஸ்டிபமைனின் இடத்தை மெல்ல மெல்ல சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேட் என்ற, ஐந்து இணைதிறன் கொண்ட இன்னொரு ஆன்டிமனி மருந்து பிடித்துக்கொண்டது. 1950-களில் மலேரியாவுக்காக வீடு வீடாக டி.டி.டி. அடித்ததில் மணல் ஈக்களும் சேர்ந்து செத்தன. காலா ஆஜார் ஒழிந்தது என்றே நினைத்தார்கள். தெளிப்பது நின்றதும் 1970-களில் வடக்கு பீகாரில் அது திரும்ப எழுந்து லட்சம் பேரளவில் படுக்க வைத்தது. நான் பார்த்த வார்டு அந்தக் காலத்தது. பிறகு பீகாரில் ஒட்டுண்ணி ஆன்டிமனிக்கே பழகிப்போய் மருந்து பலிக்காமல் போயிற்று. 2002-இல் வாயால் சாப்பிடும் மில்டிஃபோசின் வந்தது. 2014-இலிருந்து ஆம்ஃபோடெரிசின் மருந்தைக் கொழுப்புத் துளிகளில் அடக்கி, ஒரே ஒரு தடவை ரத்தத்தில் ஏற்றும் முறை நம் நாட்டுத் திட்டத்தில் சேர்ந்தது. 2023 முடிவில் பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகிய நான்கு மாநிலங்களிலும் எல்லா வட்டாரங்களிலும் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்குக்குக் கீழே வியாதி இறங்கிவிட்டது. இப்போது சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய்த் தேடுவது ஜுரத்தை மட்டுமல்ல. முகத்தில் வெளிறிய திட்டு உள்ளவர்களையும் தேடுகிறார்கள். அந்தத் திட்டில் ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணியை மணல் ஈ எடுத்துக்கொண்டு போய் மறுபடி பரப்பும் என்பதால்.

எங்கள் பியூனின் பெண் அந்த 1977-இல் பிழைத்துவிட்டாள். நான்கு வருஷம் கழித்து, வேறு ஊரிலிருந்து டூரில் பாட்னா போனபோது அவரைப் பார்த்தேன். முகம் வாடியிருந்தது. பெண்ணுக்குக் கன்னத்திலும் மோவாயிலும் வெள்ளைத் திட்டுகள். கிராமத்தில் குஷ்டம் என்று பேச்சு. பார்த்திருந்த வரன் தட்டிப்போயிற்று. அதற்குள் நான் பிரம்மச்சாரியைப் பற்றி ஓரளவு படித்திருந்தேன். டாக்டர் இல்லாவிட்டாலும், இது அதுவாக இருக்குமோ என்று தோன்றியது. மறுநாள் காலை டூர் வேலையைத் தள்ளி வைத்துவிட்டு, அவர்கள் இருவரையும் பழைய ஆஸ்பத்திரிக்கு நானே அழைத்துக்கொண்டு போனேன். தோலைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள். குஷ்டம் இல்லை. மறுபடி ஆன்டிமனி ஊசி, இந்தத் தடவை பல மாதம். அவருக்கு வேண்டிய லீவைப் பற்றி அப்போது அங்கே இருந்த ஆபீசரிடம் நானே பேசினேன். அடுத்த வருஷம் ஹோலிக்கு அவரிடமிருந்து ஹிந்தியில் ஒரு கார்டு வந்தது. கன்னத்துத் திட்டு மறைந்துவிட்டது, மோவாயில் மட்டும் இலேசாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்.